வாசிக்க மறுக்கும் குழந்தை மீதான தீர்ப்பு

'வீட்டில் கவனிப்பதில்லை, அதனால்தான் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை.' இந்தியத் தொடக்கப் பள்ளிகளில் சலிக்காமல் வழங்கப்படும் தீர்ப்பு இது. பிரதம் அமைப்பின் 2024ஆம் ஆண்டு 'அசர்' அறிக்கையின்படி, ஊரக இந்தியாவின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்பு நிலைப் பாடத்தை வாசிக்கின்றனர். எஞ்சிய அத்தனை வீடுகளும் பொறுப்பற்றவை என்று நம்ப அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இத்தீர்ப்புக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டை இரண்டாம் வகுப்பறையாக்குகின்றனர். எழுத்து அட்டை, பார்த்தெழுதுதல், தனிப்பயிற்சி, பிரம்பு. பள்ளியில் குழந்தை எதற்கு அஞ்சியதோ அதுவே வீட்டிலும் காத்திருக்கிறது. பின்னர் அதன் தயக்கத்துக்குச் சோம்பல் என்று பெயரிடுகிறோம்.

தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. இந்தி, மராத்தி போன்ற மொழிகளில் உயிர்மெய்யும் கூட்டெழுத்தும் சேர்ந்து நூற்றுக்கணக்கான வடிவங்கள். அவை வசப்படச் சில ஆண்டுகள் ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் 121 மொழிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் பல பள்ளிப் பாடநூலை எட்டவேயில்லை. வீட்டில் கோண்டி பேசும் குழந்தை இந்திப் பாடநூலைத் திறக்கையில் அறியாத எழுத்தையும் அறியாத மொழியையும் ஒருசேர எதிர்கொள்கிறது.

வீட்டால் ஆவது வேறொன்று. குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேகா 1930களில் எழுதிய 'திவாஸ்வப்னா'வின் ஆசிரியர், அடங்காத வகுப்பைக் கதை சொல்லியே தம்பக்கம் ஈர்க்கிறார். அந்த வழி வீட்டுக்கு இன்னும் எளிது. இரவில் பத்து நிமிடம், வீட்டு மொழியில், வரியின்மேல் விரலோட்டி வாசித்துக் காட்டலாம். குழந்தை அதே கதையை நூறுமுறை கேட்டாலும் வாசிக்கலாம். முடிவில் கேள்வி கேட்கக் கூடாது.

'எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள்?' நியாயமான வினா. அவள் கதை சொல்லட்டும். மூத்த பிள்ளை அதில் நான்கு வரிகளை எழுதட்டும். இளையது அதை வாசிக்கட்டும். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் எழுத்தை இனங்காண்பது மட்டுமே எஞ்சும்.

ஆயினும் இது அரசின் கடமையைத் தள்ளுபடி செய்யாது. 2021இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம், 2026-27க்குள் ஒவ்வொரு குழந்தையும் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பொருளுணர்ந்து வாசிக்கும் என உறுதியளித்தது. வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கதைநூல்களையும், அவற்றைத் தாய்மொழியிலும் தராமல், 'வீட்டில் வாசிக்க வையுங்கள்' என்று அறிவுரை மட்டும் வழங்குவது, அரசு பட்ட கடனை ஏழைத் தாயின் கணக்கில் எழுதுவதாகும்.