ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை



மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் நம்ம ஊரில் வாசலில் அகல் ஏற்றுவார்கள். எத்தனை கிலோ நெய், எத்தனை மீட்டர் திரித்துணி என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். விளக்குக்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கிற ஊரில், நம்ம வீட்டு மீட்டரில் நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை யூனிட் ஓடியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதிலும் மின்னியல் படிக்கிற நாமே விழிக்கிறோம் என்பதுதான் வெட்கம்!

நானும் அப்படி விழித்தவன்தான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆறு யூனிட்டுக்கு 273 ரூபாய்!

நான் பத்தாவது பரீட்சை எழுதிய 2023 கோடை. இரண்டு மாதக் கணக்கில் எங்கள் வீட்டில் 506 யூனிட் ஓடியிருந்தது. பில் 1998 ரூபாய். அதற்கு முந்தைய பில்லைவிட யூனிட் அவ்வளவு ஒன்றும் ஏறவில்லை, பணம் மட்டும் எகிறியிருந்தது. "இ.பி.காரங்க ஏதோ தப்பா போட்டுட்டாங்க" என்றார் அப்பா. "மிக்சியை ரெண்டு தடவை ஓட்டறியே, அதான்" என்று அம்மா மேல் பழி போட்டார் ஆயா. அம்மா ஒரு வாரம் அம்மியில் அரைத்தார்.

தப்பு இ.பி. மேலும் இல்லை, மிக்சி மேலும் இல்லை. கட்டணப் படிக்கட்டு யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான்!

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் (இது 2016-ல் எல்லா வீடுகளுக்கும் வந்தது). 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். கூட்டினால் 225, 900, 600. மொத்தம் 1725 ரூபாய்.

500-ஐத் தாண்டினால்? 101 முதல் 200 வரை கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு. தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக, 501 யூனிட்டுக்குப் பில் 1958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! எங்கள் வீட்டில் கூடுதலாக ஓடிய ஆறு யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்தது 273 ரூபாய்.

அதன் பிறகு 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. படிக்கட்டு மட்டும் அப்போது மாறவில்லை. ஆகவே "எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" என்று கேட்பதற்கு முன், "நாம் எந்தப் படியில் நிற்கிறோம்?" என்று கேட்க வேண்டும். 450-ல் இருக்கும் வீட்டுக்கும் 510-ல் இருக்கும் வீட்டுக்கும் பத்து யூனிட்டின் மதிப்பு ஒன்றல்ல.

குற்றவாளி யார்?

"லைட்டை அணைடா, கரண்ட் என்ன சும்மாவா வருது?" இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் உண்டா? ஆனால் நாம் வாட்டையும் மணியையும் பெருக்கத் தெரிந்தவர்கள். பெருக்கிப் பார்ப்போமே.

9 வாட் எல்.இ.டி. பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட்கூட ஆகாது. 500 வாட் மிக்சி தினம் பத்து நிமிஷம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட். 150 வாட் கிரைண்டரில் அரை மணி நேரம் மாவு ஆட்டினால் 0.075 யூனிட். பதின்மூன்று தடவை ஆட்டினால்தான் ஒரு யூனிட் ஆகும்! பாவம், அம்மா வீணாக அம்மியில் அரைத்தார்.

சரி, மீதி யூனிட்டை யார் தின்றது?

முதல் ஆள், தலைக்கு மேலேயே சுற்றுகிறார். சாதாரண மின்விசிறி 75 வாட். நம்ம ஊர் வெயிலுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். இரண்டு விசிறி என்றால் 144! பி.எல்.டி.சி. விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. 72 யூனிட் 29 ஆகக் குறையும். விலை அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எல்லா விசிறியையும் ஒரே நாளில் மாற்ற யாரிடம் பணம் இருக்கிறது? ராத்திரி முழுக்க ஓடுகிற ஒன்றை முதலில் மாற்றினால் போதும். மாற்ற முடியாதவர்கள் பழைய பெட்டி ரெகுலேட்டரையாவது மாற்றுங்கள். அதற்குள் இருப்பது மின்தடைக் கம்பி. விசிறியைக் குறைத்து வைத்தாலும் மிச்சமாகிற கரண்டில் ஒரு பங்கு அந்தப் பெட்டியைச் சூடாக்கவே போகிறது. தொட்டுப் பார்த்தால் தெரியும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த நஷ்டம் மிகக் குறைவு.

இரண்டாவது ஆள், சூடு. ஒரு பக்கெட் வெந்நீரை எடுத்துக்கொள்வோம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர 0.35 யூனிட் போதும். 1500 வாட் ராடு என்றால் 14 நிமிஷம். நாம் என்ன செய்கிறோம்? ராடைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். தண்ணீர் 95 டிகிரிக்குத் தளதளக்கிறது. 1.2 யூனிட் காலி! பிறகு அதில் பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவிக் குளிக்கிறோம். மார்கழிக் குளிரில் வீட்டில் நான்கு பேர் இப்படிக் குளித்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். செல்போனில் 14 நிமிஷத்துக்கு அலாரம் வைக்க ஒரு பைசா செலவில்லை. (சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். இது மிச்சத்துக்காகச் சொல்லவில்லை, உயிருக்காகச் சொல்கிறேன்.)

மூன்றாவது ஆள், மொட்டை மாடித் தொட்டி. ஒரு குதிரைத்திறன் மோட்டார் உள்ளே வாங்குவது ஏறக்குறைய ஒரு கிலோவாட். தொட்டி நிரம்பி வழிந்து, எதிர்வீட்டு அக்கா கத்திய பிறகு ஓடிப்போய் அணைக்கிறோமே, அந்த அரை மணி நேரம் அரை யூனிட். தினமும் அப்படி என்றால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். தண்ணீரும் போச்சு, கரண்டும் போச்சு!

நான்காவது ஆள், ஃபிரிட்ஜ். 24 மணி நேர ஊழியர். கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய்த் தாள் போதும். கதவில் வைத்து மூடி இழுங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் உள்ளே இருக்கிற குளிரும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்பக்கச் சூடு வெளியேற இடம் வேண்டும். புதிதாக வாங்கினால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், முத்திரையில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட்டைப் படியுங்கள். அதை ஆறால் வகுத்தால் இரண்டு மாதக் கணக்கு வந்துவிடும். முத்திரைக்கும் காலம் உண்டு. தர அளவு அவ்வப்போது கடுமையாகிறது. பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு ஐந்து நட்சத்திரம் ஆகாது.

சித்தப்பா வாங்கிய மாயப் பெட்டி

எங்கள் பில் கதையைக் கேட்ட சித்தப்பா, ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் "பவர் சேவர்" என்று ஒன்றை வாங்கி வந்தார். பிளக்கில் செருகினால் முப்பது சதவீதம் மிச்சமாம்! பச்சை விளக்கு அழகாக எரிந்தது. பில் அசையவில்லை. டிப்ளமோவில் சேர்ந்த பிறகு அதைத் திருகிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர், அந்தப் பச்சை விளக்கு. அவ்வளவுதான்.

பவர் ஃபேக்டர் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கெப்பாசிட்டர் திருத்துவது வினைத்திறனற்ற பகுதியை. வீட்டுப் பில்லோ உண்மையான கிலோவாட்-மணிக்கு மட்டும். தொழிற்சாலைக்குப் பலன் தருகிற வைத்தியம் வீட்டு பில்லுக்குப் பலிக்காது. நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடத்தைச் சித்தப்பாவுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும். படித்தவன் வாயைத் திறக்காவிட்டால் பாமரனின் பையைத்தான் திறப்பார்கள்!

வாடகை அறைக்காரர்களின் கதை

இனி சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். நம்மில் பாதிப் பேர் வெளியூர். நான்கு பேர் சேர்ந்து ஒரு அறை. கரண்டுக்கு மாதம் இத்தனை என்று வீட்டுக்காரர் மொத்தமாக வாங்கிக்கொள்கிறார். "எப்படியும் கொடுக்கத்தானே போறோம்" என்று காலையில் போட்ட விசிறி, கல்லூரி விட்டுப் போகும்வரை காலி அறையில் சுற்றுகிறது. மிச்சம் பிடித்தால் அவனுக்கு என்ன லாபம்? சப்-மீட்டர் வைத்த சில இடங்களில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்கிறார்கள். அரசாங்கம் கொடுத்த இலவச யூனிட் இவன் கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் சலுகை இணைப்புக்குத்தானே தவிர தலைக்கு அல்ல. இப்படிப்பட்டவனிடம் போய் "மின்சாரம் சேமிப்பீர்" என்று சுவரொட்டி ஒட்டினால் சிரிக்கமாட்டானா?

என் கருத்து இதுதான். சேமிக்கிறவன் கையில் மிச்சம் வந்து சேர வேண்டும். அறைக்கு ஒரு சப்-மீட்டர், மாதம் ஒன்றாம் தேதி இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து எழுதுகிற ரீடிங், வீட்டுக்காரர் கட்டுகிற பில்லைக் காட்டி அதே விகிதத்தில் பங்கு. சண்டை போடாமல் மரியாதையாகக் கேட்போம். நியாயமான வீட்டுக்காரர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, நிமிஷத்துக்கு 8 முறை மின்னினால் 150 வாட் ஓடுகிறது. ஃபிரிட்ஜ் பிளக்கையும் சற்று நேரம் எடுத்துவிட்டு, எல்லா சுவிட்சையும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் மின்னினால் எங்கோ செட்-டாப் பாக்சோ, சார்ஜரோ விழித்திருக்கிறது, அல்லது கசிவு இருக்கிறது. எங்கள் வீட்டில் செட்-டாப் பாக்ஸ்தான் அகப்பட்டது. பத்து வாட், இரவு பகலாக இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். 506-லிருந்து 14-ஐக் கழித்துப் பாருங்கள், அந்த 273 ரூபாய் எங்கே போனது என்று புரியும்.

நம் மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற கோடை விடுமுறையில் நம் துறை மாணவர்கள் இரண்டிரண்டு பேராக, ஒரு டாங் டெஸ்டரும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு, அழைக்கிற வீடுகளுக்குப் போவோம். எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது, எந்தப் படியில் அந்த வீடு நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். காசு வேண்டாம், ஒரு டம்ளர் மோர் போதும். முதலில் நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். சாயங்காலம் காலி வகுப்பறையில் எத்தனை விசிறி சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக வெளியே போகிறவன் அணைத்துவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொண்டால் அதற்கு உத்தரவும் வேண்டாம், அபராதமும் வேண்டாம்.

2008-லிருந்து சில வருடம் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்ததை நம் அண்ணன்மார் சொல்வார்கள், சிம்னி விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர்கள். நமக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. வராமல் இருப்பது நெய்வேலியிலும் அனல் மின் நிலையங்களிலும் கண்விழிக்கிற தொழிலாளிகளால். அவர்கள் அனுப்புகிற யூனிட்டை எண்ணிச் செலவழிப்பதாவது நம்மால் ஆகவேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது காலண்டரில் ஞாயிறுதோறும் ரீடிங் எழுதுகிறோம். எழுதுவது நானில்லை, ஆயா! "என்னடா, இந்த வாரம் அஞ்சு கூடிப்போச்சு, யாரு ராடு போட்டது?" என்று கேட்கிறார். மிக்சி மறுபடியும் ஓடிக்கொண்டிருக்கிறது.