மகள் பருவமடையும் நாட்களில்



சொந்த ஊரில் ஒரு பெண் பிள்ளை பூப்படைந்தால், பாட்டியும் அத்தையும் அருகிருந்து வேண்டியதைச் சொல்லிக் கொடுப்பார்கள். மும்பையிலோ டில்லியிலோ ஒற்றை அறையில் குடும்பம் நடத்தும் உங்களுக்கு அந்த உதவி இல்லை. ஆகவே மகளின் சரீரத்தில் நடப்பதை நீங்களே அறிந்து, அவளுக்கு எடுத்துரைப்பது அவசியம்.

பருவமடைதல் மாதவிடாயோடு தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது. ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி விட்டுவிட்டுச் சுரக்கும் ஹார்மோன், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சினைப்பைகளைத் தூண்ட, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் மார்பக வளர்ச்சி தென்படும். அதன்பின் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். பரம்பரையும், சரீர எடையும், போஷாக்கும் அந்த வயதை முந்தவோ பிந்தவோ செய்யும். வளர்ச்சி 8 வயதுக்கு முன் தொடங்கினாலும், 13 வயதாகியும் தொடங்காவிட்டாலும், 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்கின்றி வருவது இயல்பே.

இப்பருவத்தில் மனதிலும் ஈர்ப்பு எழும்புகிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது ஆண்களிடம், சிலருக்குப் பெண்களிடம், சிலருக்கு இருபாலரிடமும். காரணம் என்ன? 2019-ல் வெளியான ஓர் ஆய்வு 4,70,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்தது. தனியொரு மரபணு இதைத் தீர்மானிப்பதில்லை என்றும், சிறு செல்வாக்குள்ள பல மரபணுக்களுக்குப் பங்குண்டு என்றும், அவற்றைக் கொண்டு ஒருவரின் ஈர்ப்பை முன்னறிய இயலாது என்றும் அது கண்டது. அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாற்றினால் கர்ப்பத்திலேயே ஆண் ஹார்மோன் மிகுதியாகப் பெற்ற பெண்களில், பெண்களை நாடுவோர் மற்றப் பெண்களைக் காட்டிலும் அதிகம். எனினும் அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்களையே நாடுகிறார்கள். ஆகையால் ஹார்மோன் ஒரு காரணமாகலாமேயன்றி, முழுக் காரணமல்ல. தாயின் வளர்ப்பே இதை உண்டாக்குகிறது என்பதற்குத் தக்க ஆதாரமில்லை. ஆதலால் உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதிருங்கள்.

மகள் ஒருநாள் நடுக்கத்தோடு, "அம்மா, எனக்குப் பெண்களிடமே மனம் போகிறது" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அடிக்காதிருங்கள். படிப்பை நிறுத்தி அவசரமாக மணமுடிக்காதிருங்கள். அசுத்த ஆவி என்று சொல்லிச் சபையார் முன் அவளை நிறுத்தாதிருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-ல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இதை மாற்றுவதாகச் சொல்லி மருத்துவர்கள் சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. ஆகவே மாற்றித் தருவோம் என்று பணம் கேட்பவர்களை நம்பவேண்டாம்.

அவள் உண்ணாமல், உறங்காமல், வாழ விருப்பமில்லை என்று பேசினால் தாமதியாமல் மனநல மருத்துவரை அணுகுங்கள். அரசின் டெலி மனஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

மகளுக்காக ஜெபிக்கிற தாய், அவள் பேசுவதைக் கேட்கவும் வேண்டும். வீட்டில் தனியாகப் பேச இடமில்லையென்றால், காய்கறி வாங்கப் போகும் வழியிலாவது அவளைப் பேசவிடுங்கள்.