குந்தாணியின் பாகப்பிரிவினை

ஓசூர் யாருடைய ஊர் என்ற பேச்சு எல்லைப்பக்கம் அவ்வப்போது கிளம்பும். ஆண்டவர்கள் கன்னட அரசர்கள் என்பார் ஒருவர். கல்வெட்டுகளைப் பாருங்கள், தமிழ் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான். அது எப்படி என்று புரிய ஒரு குடும்பத்துக்குள் போக வேண்டும்.

ஹொய்சள மன்னன் சோமேசுவரன் சோழர் விவகாரங்களில் தலையிட்டு, திருவரங்கத்துக்கு எதிர்க்கரையில் கண்ணனூரில் தங்கிவிட்டவன். அவனுடைய அரசியரில் பிஜ்ஜலராணிக்குப் பிறந்தவன் நரசிம்மன். தேவலாதேவிக்குப் பிறந்தவன் இராமநாதன். 1254 வாக்கில் நாடு இருவருக்கும் பிரிந்தது. தலைநகர் துவாரசமுத்திரம் நரசிம்மனுக்கு. தமிழ்ப் பகுதிகளும் கோலார்ச் சீமையும் இராமநாதனுக்கு. பங்கு பிரித்ததில் மொழிக்கு வேலையே இல்லை. எந்த மகனுக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

அந்தப் பங்கு நிலைக்கவில்லை. சோமேசுவரன் பாண்டியரிடம் உயிரிழந்தான். 1279 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இராமநாதனையும் காவிரிக்கரையிலிருந்து விரட்டினான். மலையேறி வந்த இராமநாதன் ஓசூர் இருக்கும் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். கீழே இழந்ததை மேலே ஈடுகட்ட நினைத்தான் போலும், அண்ணன் தம்பி சண்டை அங்கிருந்தே தொடர்ந்தது. இந்தத் தாயாதிச் சண்டையை இன்று தமிழர் கன்னடர் போராகப் படிப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே வீடு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கன்னட அரச குடும்பத்தின் ஆட்சியில் தமிழ்க் கல்வெட்டு எப்படி வந்தது? அதற்கு விடை இன்னும் பழையது. 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோழர் கங்க நாட்டைப் பிடித்து, கோலார்ப் பக்கத்தை நிகரிலிச் சோழ மண்டலம் ஆக்கினார்கள். ஊர்க்கணக்கும் கோயில் கணக்கும் தமிழில் எழுதும் பழக்கம் அப்போது ஊன்றியது. சோழர் போன பிறகும் கணக்கு எழுதுகிறவர்கள் போகவில்லை. பெங்களூர் தொம்லூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் இன்றும் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது இதனால்தான். சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஆலைகள் பெருகியதால்தான் ஓசூரில் மொழிகள் கலந்தன என்று நினைப்பது பல நூற்றாண்டுகளைக் கழித்துவிட்டுப் போடும் கணக்கு.

இராமநாதன் 1295 வாக்கில் இறந்தான். மகன் விசுவநாதன் சில ஆண்டுகளே ஆண்டான். பிறகு நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் சித்தப்பன் பங்கையும் எடுத்துக்கொண்டு நாட்டை ஒன்றாக்கினான். பிடித்த சீமையை முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருந்திருக்கும். 1301இல் குந்தாணி ராச்சியத்துக் கோயில்களுக்கு அவன் வரி நீக்கி ஆணை பிறப்பித்தான். முரசு நாடு, மாசந்தி நாடு, கோலாரைக் குறிக்கும் குவளால நாடு என்று பல நாடுகளை வரிசையாகச் சொல்லும் ஆணை அது. இன்று அந்த நாடுகளில் சில தமிழ்நாட்டில், சில கர்நாடகத்தில். துவாரசமுத்திரத்து அரசன் அதை வெட்டுவித்தது தமிழில்.