ஓர் அடுக்குக்கு ஒரு நாமம்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து வீடுகளின் அடியில் கிடப்பது, லால்பாக் குன்றில் வெளிப்பட்டுத் தெரிகிற, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பிராயமுள்ள நைஸ் பாறையாதலால், கடற்படிவங்களைக் காண விரும்பும் அவ்வூர்த் தமிழர் அரியலூர்ப் பக்கமே பிரயாணம் செய்யவேண்டும். அங்கே கருடமங்கலத்துச் சுண்ணாம்புக்கல்லை மெருகிட்டால், சிப்பிகளின் வெட்டுமுகங்கள் வரிவரியாகத் தோன்றும். அப்படிவங்களை 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பிளான்போர்டு, ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்தார். பின்வந்தோர் காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி என்று நுணுகிப் பிரித்தனர்.

எண்ணெய் தேடித் துளையிட்டவர்களோ, அரியலூரும் அடங்கிய காவிரிப் படுகையின் ஆழத்தில் கண்டவற்றுக்கு ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம் என வேறு நாமகரணம் செய்தார்கள். துளைக்கருவி பொடித்துத் தரும் சில்லுகளில் அம்மோனைட் என்னும் சுருளோட்டுக் கடலுயிரின் முழு எச்சம் கிடைப்பது துர்லபம். ஆகவே அவர்கள் ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர் ஓடுகளைக் கொண்டு காலநிர்ணயம் செய்தது நியாயமே. ஆயினும், ஒரே கடல் இட்ட படிவத்துக்கு மேலே ஒரு வழக்கும் கீழே ஒரு வழக்குமாக நிலைபெற்றுவிட்டது மாணவருக்குப் பெருந்தொல்லை. பழம்பெயர்களை ஒழிக்கவேண்டுமென்பது என் பக்ஷமன்று; நிலவியல் ஆய்வுத்துறையும் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகமும் கூடி, இருவகைப் பெயர்களையும் பொருத்திக் காட்டும் ஒரே அட்டவணையை, தமிழிலும் சேர்த்தே, வெளியிட முன்வரவேண்டும்.