குதிகால் திரும்பும் இடம்

"இதுல தையல் எங்கேடி?" என்றாள் அம்மா.

கையில் அன்று பிரித்த புது ஸ்டாக்கிங். உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நீட்டி, இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் தையல் டீச்சர். எந்தத் துணியை எடுத்தாலும் உள்பக்கம் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். வேலை எப்படி என்பது உள்பக்கத்தில்தான் தெரியும் என்பது அவள் மாணவிகளுக்குச் சொல்லும் முதல் பாடம்.

அந்த முப்பத்தொரு வருஷமும் நின்றபடியே பாடம் நடத்தியதில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. டாக்டர் முழங்கால் வரைக்கும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங் போடச் சொன்னார். முதலில் அவசரத்தில் ஒரு கடையில் கிடைத்ததை வாங்கி வந்தேன். எலாஸ்டிக் துணியைக் கால் மாதிரி வெட்டி, பின்பக்கம் ஓவர்லாக் அடித்தது. சாயங்காலம் கழற்றினால் கெண்டைக்கால் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. குதிகாலில் துணி மடிந்து மடிந்து உறுத்தியது. கணுக்காலில் தொளதொள, முழங்காலுக்குக் கீழே இறுக்கம். இருக்கவேண்டியதற்கு நேர் எதிர். அம்மா மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டாள். அந்தச் சிவப்புக் கோட்டை நான் பார்த்ததே ஒருநாள் தற்செயலாகத்தான். இன்றுவரை அது என் மனசில் கிடக்கிறது.

இரண்டாவது ஜோடியை முறையாக அளவெடுத்து வாங்கினோம். காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்பே அளக்க வேண்டும். கணுக்காலில் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலில் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். விரல்கள் வெளியே தெரியும் மாதிரி. அதைத்தான் அம்மா ஜன்னலோரம் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதில் தையலே இல்லை. மேல்விளிம்பின் மடிப்பு, விரல் பக்கத்துப் பட்டை, எல்லாமே பின்னலோடு பின்னலாக வந்தவை. நேராகப் பிடித்தால் ஒரு குழாய். ஆனால் குதிகால் இருக்கும் இடத்தில் மட்டும் கிண்ணம்போல் ஒரு புடைப்பு, அதன் இரண்டு ஓரத்திலும் சாய்வாக ஓடும் மெல்லிய கோடு.

"குதிகாலைத் திருப்பியிருக்கான்" என்றாள் அம்மா. "மெஷின் எப்படித் திருப்பும்?"

அவளுக்கு அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் குன்னூரில் வேலை பார்த்தவள். அங்கே குளிருக்கு எல்லோரும் கம்பளி பின்னுவார்கள். அம்மாவும் சாக்ஸ் பின்னக் கற்றுக்கொண்டாள். இரண்டு முனையும் கூரான நான்கு ஊசிகளில் கண்ணிகளைப் பிரித்து ஏற்றி, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னுவது. காலின் பருமனுக்கு ஏற்பக் கண்ணியைக் கூட்டலாம், குறைக்கலாம். குதிகால் வந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டு, பாதிக் கண்ணிகளில் மட்டும் போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் பின்னினால் பை மாதிரி ஒன்று உருவாகும். அப்புறம் மறுபடியும் சுற்று. கத்தரி வேண்டாம், தையல் வேண்டாம். கால் எப்படியோ உறை அப்படி.

கை இவ்வளவு சாதாரணமாகச் செய்வதை மெஷினால் நெடுங்காலம் செய்ய முடியவில்லை. வடிவம் வந்தால் தையல் வந்தது. தையல் போனால் வடிவம் போனது.

1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், கால்வர்ட்டன் என்ற கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் லீ முதல் ஸ்டாக்கிங் பிரேமைச் செய்தார். இன்றைக்குத் திருப்பூரில் ஓடும் ஒவ்வொரு நிட்டிங் மெஷினுக்கும் பாட்டன் அது. கையால் பின்னும்போது கண்ணி ஒவ்வொன்றாக வரும். லீயின் பிரேமில் ஊசிகள் வரிசையாக நின்று ஒரு வரிக் கண்ணியை ஒரே மூச்சில் போட்டன. முதலாம் எலிசபெத் ராணியிடம் உரிமை கேட்டபோது, கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் என்று ராணி மறுத்ததாக ஒரு கதை உண்டு. லீ பிரான்சுக்குப் போனார். அங்கே ஆதரித்த நான்காம் ஹென்றி மன்னர் 1610இல் கொலையுண்டார். அதன்பின் சில வருஷங்களில் லீ பாரிஸில் இறந்தார். அவர் தம்பி ஜேம்ஸ்தான் மெஷின்களோடு இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தார்.

லீயின் பிரேம் பின்னியது தட்டையான துணி. ஆனால் வெறும் செவ்வகம் இல்லை. கெண்டைக்காலிலிருந்து கணுக்காலுக்கு வரும்போது பின்னுகிறவர் இரண்டு ஓரத்துக் கண்ணிகளையும் எடுத்து உள்பக்க ஊசிக்கு மாற்றுவார். அகலம் படிப்படியாகக் குறையும். கடைசியில் கால் வடிவத்தில் ஒரு தட்டைத் துணி கிடைக்கும், இரண்டு பக்கமும் வேட்டிக்கு இருப்பதுபோல் உறுதியான கரையோடு. அந்தக் கரைகளைச் சேர்த்துப் பின்பக்கம் தைத்தால் ஸ்டாக்கிங். தையல் உண்டு. ஆனாலும் வடிவம் பின்னலில் பிறந்தது, கத்தரியில் இல்லை. கரை இருப்பதால் பிரியாது.

இந்தக் கரைக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 1811இல் நாட்டிங்காம் பகுதியில் இரவோடு இரவாக பிரேம்களை உடைத்தவர்களை லுடைட்டுகள் என்கிறோம். இன்று அந்தப் பெயர் புது மெஷினைக் கண்டு மிரளும் பத்தாம்பசலிக்கு வைக்கும் வசைச்சொல். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. அவர்கள் பரம்பரையாக மெஷினில் வேலை செய்து சோறு தின்றவர்கள். லீயின் பிரேம் வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூலியைக் குறைத்தார்கள், பிரேமுக்கு வாடகை பிடித்தார்கள், இவை பெரிய குறைகள். அவற்றோடு சேர்ந்த இன்னொரு குறையைப் பற்றித்தான் நம் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை. முதலாளிகள் அகலமான பிரேம்களில் நேர்த்துணியாகப் பின்னவைத்து, அதைக் கால் வடிவத்தில் வெட்டி, ஓரத்தைத் தைத்து ஸ்டாக்கிங் என்று விற்றார்கள். வெட்டிய ஓரத்தில் கரை கிடையாது. ஒரு கண்ணி விட்டால் ஓடும், தையல் வாய்பிளக்கும். மலிவுச் சரக்கு சந்தையை நிறைத்தபோது ஊரின் ஒட்டுமொத்தச் சரக்குக்கும் பெயர் கெட்டது. உடைத்தவர்களின் கோபத்துக்கு முக்கியமாக ஆளானவை அந்த வெட்டுச் சரக்குக்கு ஓடிய அகல பிரேம்கள். 1812இல் பிரேம் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் பேசிய முதல் பேச்சே அந்த மசோதாவை எதிர்த்துத்தான். அப்படியும் அது நிறைவேறியது.

அம்மாவின் காலில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. பின்னாளில் படித்தபோது அந்த மனிதர்கள் சொன்னது என்ன என்று உடனே விளங்கியது. மூன்று வாரம் எங்கள் வீட்டில் இருந்தது அதே வெட்டுச் சரக்குதான்.

வட்டமாகப் பின்னும் மெஷினுக்கு 1816இலேயே மார்க் பிரூனல் காப்புரிமை வாங்கினார். 1847இல் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்செண்ட் லாட்ச் ஊசியைப் பதிவுசெய்தார். கொக்கியின் வாயில் ஒரு சின்ன நாக்கு. ஊசி கீழே இறங்கும்போது பழைய கண்ணியே அந்த நாக்கைத் தள்ளிக் கொக்கியை மூடும், மேலே ஏறும்போது அதுவே திறக்கும். தனியாக அழுத்தி மூட ஒரு பாகம் வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊசியும் தன் போக்கில் ஏறி இறங்கலாம். திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் பையனிடம் கேளுங்கள், ஊசி நாக்கு உடைந்தால் துணியில் என்ன ஆகும் என்று உடனே சொல்வான்.

வட்ட மெஷின் தையலை ஒழித்தது, வடிவத்தையும் ஒழித்தது. பழைய பனியனில் பக்கவாட்டுத் தையல் இல்லாததற்குக் காரணம் இதுதான். மார்பளவுக்கு ஏற்ற விட்டத்தில் குழாயாகவே பின்னி வந்த துணி. பனியனுக்கு அது சரி. காலுக்குச் சரிவராது. சிலிண்டரில் எத்தனை ஊசியோ அத்தனை கண்ணிதான் மேலிருந்து கீழ்வரை. அந்தக் காலத்தில் நேர்க்குழாயை நனைத்து, கால் வடிவ மரப்பலகையில் மாட்டிக் காயவைத்து விற்றார்கள். கடையில் பார்க்க அழகாக இருக்கும். ஒரு சலவைக்குத் தாங்காது. அதனால்தான் 1940 மே 15 அன்று அமெரிக்காவெங்கும் நைலான் ஸ்டாக்கிங் விற்பனைக்கு வந்தபோதும் பின்பக்கம் தையல்கோடு இருந்தது. தட்டையாகப் பின்னிக் குறைத்த நல்ல சரக்கு என்பதற்கு அடையாளமே அந்தக் கோடு. போரில் நைலான் பாராசூட்டுக்குப் போனபோது பெண்கள் வெறுங்காலின் பின்னால் புருவப் பென்சிலால் அந்தக் கோட்டை வரைந்துகொண்டார்கள். பிறகு சூட்டில் நைலானை வடிவத்துக்கு நிலைக்கவைக்கத் தெரிந்ததும், தையல் இல்லாதது ஜெயித்தது.

ஆனால் குதிகாலின் கதை இதைவிடப் பழையது. அதைப் பார்க்கத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். சித்தப்பா மகன் வேலை பார்க்கும் சாக்ஸ் யூனிட். சிறிய இடம், வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் நூல் கோன்கள். சிலிண்டர் ஒரு டீ டம்ளரைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதைச் சுற்றிலும் 144 ஊசிகள் நிற்கின்றன.

"குதிகால் வர்றப்ப மெதுவா ஓட்டுங்க தம்பி" என்றாள் அம்மா. மாஸ்டர் வேகத்தைக் குறைத்தார். ஒரே திசையில் சுழன்றுகொண்டிருந்த சிலிண்டர் சட்டென்று நின்று, எதிர்த்திசையில் பாதி திரும்பியது. மறுபடி நின்று இந்தப் பக்கம் திரும்பியது. ஊஞ்சல் மாதிரி. புறங்கால் பக்கத்து 72 ஊசிகள் கண்ணியைப் பிடித்தபடி மேலே ஏறிச் சும்மா நின்றன. மீதி 72 மட்டும் பின்னின. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரத்து ஊசி ஒன்றை ஒரு சின்னப் பல் தூக்கி மேலே ஒதுக்கியது. பின்னும் ஊசிகள் குறைந்துகொண்டே வந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியதும் கதை தலைகீழானது. ஒதுக்கிய ஊசிகள் ஒன்றொன்றாகத் திரும்ப வேலைக்கு இறங்கின. குறுகிப் பின் விரிந்த அந்த இரண்டு பாதியும் சேரும் இடம்தான் குதிகாலின் ஓரத்துச் சாய்வுக்கோடு. எல்லா ஊசியும் இறங்கியதும் சிலிண்டர் பழையபடி முழுச் சுற்றில் ஓட, பாதம் வளர ஆரம்பித்தது.

அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. "நான் செஞ்சதேதான்" என்றாள். "பாதியை விட்டுட்டு, ஒண்ணொண்ணா விட்டு, ஒண்ணொண்ணா எடுத்து." குரல் கம்மியிருந்தது. குன்னூரில் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பாட்டியின் நினைவு வந்ததாக பஸ்ஸில் சொன்னாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த கையால் சுழற்றும் சாக்ஸ் மெஷினிலும் இதே வேலைதான். ஊசியைத் தூக்குவது மனிதவிரல், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் உலகப் போரின்போது சிப்பாய்களுக்கு அப்படிச் சுழற்றிச் சுழற்றி சாக்ஸ் பின்னினார்கள். ஈரப் பதுங்குகுழியில் நாள்கணக்கில் நிற்பவனுக்குத் தையல் உறுத்தாத சாக்ஸ் என்றால் என்ன என்று அம்மா நன்றாகவே அறிவாள்.

கெண்டைக்காலின் கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. ஊசி எண்ணிக்கை மாறவில்லை என்றால் கணுக்கால் எப்படி ஒடுங்கியது? வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் ஸ்டாக்கிங்கைத் தலையணை மேல் விரித்து, இருபது கண்ணிக்கு ஒரு குண்டூசி குத்தி, பூதக்கண்ணாடியோடு எண்ண உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம். கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் எண்ணிக்கை ஒன்றே. மாறியது கண்ணியின் நீளம். கெண்டைக்காலில் நீளக் கண்ணி, கீழே வரவரக் குட்டைக் கண்ணி. அதோடு கண்ணிகளுக்கு ஊடே ஒரு ரப்பர் நூல் சுற்றிச் சுற்றிப் போகிறது. கணுக்காலில் அதை இழுத்துக் கொடுப்பார்கள், மேலே போகப்போகத் தளர்த்துவார்கள். அதனால் அழுத்தம் கணுக்காலில் அதிகம், முழங்காலை நெருங்க நெருங்கக் குறைவு. ரத்தம் மேலே ஏற வழி கிடைக்கிறது.

இப்படி மேலே போகப்போகக் குறையும் அழுத்தத்தைக் கால்உறையில் கொண்டுவந்தவர்களில் கான்ராட் ஜாப்ஸ்ட் முக்கியமானவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலீடோ நகரத்து எஞ்சினியர். அவருக்கே காலில் ரத்தநாளக் கோளாறு. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால்வலி குறைவதைக் கவனித்தார். நீரின் அழுத்தம் ஆழத்தில் அதிகம், மேலே குறைவு. அதையே 1950களின் தொடக்கத்தில் ஸ்டாக்கிங்காகச் செய்தார். அம்மாவிடம் சொன்னபோது, "ஆத்துல இடுப்பளவு தண்ணியில நின்னா கால் லேசாகும்ல, அதுவா?" என்றாள். அதுதான்.

இப்போது காலை ஐந்தே முக்காலுக்கு அம்மா படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். கையை ஸ்டாக்கிங்குக்குள் விட்டு, குதிகால் கிண்ணத்தைப் பிடித்து, அதுவரைக்கும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்ப வேண்டும். பிறகு பாதத்தை நுழைத்து, குதிகாலைக் குதிகாலில் பொருத்தி, மேல்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட வேண்டும். விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் எல்லாம் கெட்டது. சாய்வுக்கோடு இரண்டும் கணுமுட்டுக்குக் கீழே நேராக வந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.

"உக்காந்துச்சா?" என்று கேட்கிறாள் அம்மா.

"உக்காந்துச்சும்மா."

மற்றக் காலை நீட்டுகிறாள்.