ரோடின் செய்தால் கலை, ரோபோ செய்தால் திருட்டா?

'கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெஷின்ல எடுத்தா அது சிற்பமா சார்?' என்று கேட்பவர்கள், ரோடினின் 'சிந்தனையாளர்' சிலை முன்னால் உருகி நிற்பார்கள். அவர் முதலில் செய்தது சுமார் 70 சென்டிமீட்டர்தான். 1904-ல் பாரிஸில் காட்சிக்கு வந்த ஆறடிச் சிலை? லெபோஸே என்ற உதவியாளர் மெஷினில் பெரிதாக்கியது! ஒரு முள் சின்னச் சிலையைத் தடவும். மறுமுனை அதையே பெரிதாகச் செதுக்கும். இன்றைய ஸ்கேனரும் த்ரீ-டி பிரிண்டரும் அதன் பேரப்பிள்ளைகள்.

எனக்குக் கோபம் மெஷின் மேல் இல்லை. இத்தாலியின் கராராவில் ரோபோக்கள் பளிங்கு செதுக்குகின்றன. கடைசி மெருகு மனிதக் கை. ஆனால் சில கலைஞர்கள், 'வெளிய சொல்லாதீங்க' என்கிறார்களாம். உளி பிடித்ததாகச் சொன்னால்தானே விலை ஏறும்! அட, சினிமாவில் லைட்மேன் பெயரைக்கூடப் போடுகிறோம். ரோபோவுக்கு புரோகிராம் எழுதியவர் பெயரைப் பீடத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?