குக்கீஸோடு பெயரும் போகட்டும்

ஊர்வலம் போக முடியாத தெருவில் பிரைட்டை எப்படிக் கொண்டாடுவது? எங்களைக் கேட்டால் குசினியிலிருந்து தொடங்கலாம் என்போம். கொழும்பில் ஈக்வல் கிரவுண்ட் அமைப்பு 2005 முதல் பிரைட் நிகழ்வுகளை நடத்திவருகிறது. யாழ்ப்பாணத்திலும் அண்மைய ஆண்டுகளில் வானவில் கொடியோடு வீதியில் நடந்திருக்கிறார்கள். ஆனால் திருகோணமலையில், அதிலும் உவர்மலை என்று நாங்கள் சொல்லும் ஓர்ஸ் ஹில்லில், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இங்கே கொடியைப் பிடித்தால் கொடி என்ன என்று கேட்க முதல் "உது ஆற்ற பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். அதனால் நாங்கள் சிலர் ஜூன் மாதத்தில் ஆறு நிறத்தில் பட்டர் குக்கீஸ் சுட்டு அயலுக்குக் கொடுக்கிறோம்.

இதில் எங்களுக்குச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. நிறத்தை மட்டும் கொடுத்தால் அது வெறும் இனிப்பு. எதற்காகச் சுட்டோம் என்று வாய் திறந்து சொல்லிக் கொடுத்தால்தான் அது பிரைட்.

முதலில் வரும் பேச்சு எங்களுக்குத் தெரியும்: "உதெல்லாம் வெள்ளைக்காரற்ற பழக்கம்." சரி, கணக்குப் பார்ப்போம். குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. பாணும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளிலிருந்து வரும் கொக்கிஸுக்கும் ஆங்கிலத்தின் குக்கிக்கும் தாய்ச்சொல் ஒன்றுதான், இரண்டும் ஒல்லாந்தரின் மொழியிலிருந்து வந்தவை. அதேபோல ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகளும் கப்பலேறி வந்தவைதான். பிரித்தானியர் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையில், 1883ஆம் ஆண்டின் கோவையில், அவை இருக்கின்றன. இங்கிலாந்து 1967இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. நாங்களோ 1995இல் திருத்தப் போய், ஆண்களை மட்டும் சொன்ன 365ஏ பிரிவைப் பெண்களுக்கும் சேர்த்து விரித்தோம். வெளிநாட்டுச் சரக்கைத் திருப்பி அனுப்புவதென்றால் எதை முதலில் கப்பலேற்றலாம் என்று கேட்பவர்களே சொல்லட்டும்.

இனி குக்கீஸ் பக்கம் வருவோம். சுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊதாதான் சண்டை பிடிக்கும். பட்டரின் மஞ்சள் நிறம் நீலத்தைப் பச்சைப் பக்கம் இழுக்கும், ஊதாவை மண்நிறமாக்கும். தண்ணீர்க் கலரைக் கூட ஊற்றினால் மா பிசுபிசுக்கும், ஜெல் கலர் நல்லது. எங்கள் ஜூன் வெக்கையில் பட்டர் உருகிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு நிறத்தையும் தட்டி, அடுக்கி, பிரிட்ஜில் இறுகவிட்டுத்தான் வெட்டவேண்டும். ஓவன் சூட்டைக் குறைத்து, ஓரம் சிவக்க முதலே எடுத்துவிட வேண்டும். இவ்வளவு செய்தும் நிறம் சரியாக வராவிட்டால் கவலைப்படாதீர்கள். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் தொண்டர்களும் கையால் சாயம் தோய்த்துத் தைத்த முதல் வானவில் கொடியில் எட்டு நிறங்கள் இருந்தன. கடும் இளஞ்சிவப்புத் துணி போதியளவு கிடைக்காததால் ஒரு நிறம் போனது. பிறகு இன்னொன்றும் போய் ஆறாகியது. கொடியே கிடைத்ததைக் கொண்டு சமாளித்ததுதான்.

பெயர் சொல்லுவது ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு பிஸ்கட் கதைகளைப் பாருங்கள். 2012 ஜூனில் ஓரியோ நிறுவனம் ஆறு நிற கிரீம் அடுக்கிய பிஸ்கட் படம் ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டது. பாராட்டும் வந்தது, புறக்கணிப்போம் என்ற கூச்சலும் வந்தது. ஆனால் அந்த பிஸ்கட் எந்தக் கடைக்கும் வரவில்லை. படம் மட்டும்தான்.

மற்றது 2021 ஜூனில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லஃப்கின் என்ற சிறிய ஊரில் நடந்தது. கன்ஃபெக்‌ஷன்ஸ் என்ற சின்ன பேக்கரி, இதய வடிவில் வானவில் குக்கீஸ் செய்து, பிரைட் வாழ்த்தோடு படம் போட்டது. அடுத்த நாளுக்கு 5 டசின் குக்கீஸ் கேட்டிருந்த ஒருவர் ஓடரை ரத்துச் செய்துவிட்டார். அதைக் கடைக்காரர் எழுதியதும், மறுநாள் சனம் வரிசையில் நின்று கடையில் இருந்ததையெல்லாம் வாங்கித் தீர்த்தது. கலர் குக்கீஸ் என்று மட்டும் விட்டிருந்தால் ஓடர் நின்றிருக்காது, வரிசையும் வந்திருக்காது. இரண்டையும் கொண்டுவந்தது அந்த வாழ்த்துதான்.

எங்களுக்குள்ளேயே ஒரு வாதம் உண்டு: "365ஏ அப்படியே கிடக்கு, நாங்கள் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருக்கிறதா?" நியாயமான கேள்வி. ஆனால் 2023இல் என்ன நடந்தது? பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் அந்த மே மாதமே தீர்மானித்தது. கதவு திறந்துதான் இருந்தது. 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலையும்வரை யாரும் அந்தக் கதவால் போகவில்லை. வாக்குக் கேட்டு வருபவருக்கு எங்கள் அயலட்டையின் முகச்சுளிப்புத்தான் பயம் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படியென்றால் கொழும்பில் வழக்காடுவதோடு உவர்மலையின் கேற்றடியிலும் கதைக்க வேண்டியிருக்கிறது.

கேற்றடியில் கதைக்க எங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பொங்கலுக்குப் புக்கை போகும். பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும். நத்தாருக்குக் கேக் வரும். கொண்டுவருபவர் எதற்கென்று சொல்லித்தான் தருவார், வாங்குபவர் அந்தச் சமயத்துக்கு மாறத் தேவையில்லை. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அம்மம்மாமார் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். இதே முறையில் இந்தத் தட்டையும் நீட்டலாம். "என்ன பிள்ளை விசேஷம்?" என்று அன்ரி கேட்பா. "சும்மா செய்து பார்த்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடாமல் சொல்லுங்கள்: "இது பிரைட் மாசம் அன்ரி. ஆணை விரும்புற ஆணும், பெண்ணை விரும்புற பெண்ணும், திருநங்கையும் திருநம்பியும் எங்கட ஊராக்கள்தான் எண்டு சொல்லுறதுக்குச் சுட்டது." அவ்வளவு போதும், பிரசங்கம் வேண்டாம்.

ஒரு கட்டாய விதி இருக்கிறது. சொல்வது காரணத்தை மட்டும்தான், ஆளை இல்லை. "எங்கட கூட்டத்தில் ஆர் அப்படி?" என்று கேட்டால் பதில் கிடையாது. தட்டைத் தூக்கிப் போகவேண்டியவர்கள், வீட்டில் அடி விழாது, வெளியே துரத்த மாட்டார்கள் என்ற நிச்சயம் உள்ளவர்கள். அந்த நிச்சயம் இல்லாதவர் குசினியில் இருக்கட்டும், அல்லது வராமலே விடட்டும். முகம் தெரியும் படம் எதுவும் இணையத்துக்குப் போகக்கூடாது.

தட்டு அப்படியே திரும்பி வரலாம். பேச்சும் விழலாம். நாங்கள் அந்தச் சில நிமிட வெட்கத்தைத் தாங்கிக்கொள்வோம். ஏனென்றால் கேற்றடியில் நாங்கள் சொல்வது அன்ரிக்கு மட்டும் கேட்பதில்லை. உள்ளே அறையில், போனை நோண்டிக்கொண்டு, தன்னைப் போல் இந்த ஊரில் இன்னொருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கும் கேட்கலாம். அந்தப் பிள்ளை யார் என்று எங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவோம்.